மெடிக்கலில் பேட்ச் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள்

முதுகில் இரண்டு ஆபரேஷன் முடிந்தும் வலி போகாத ஆள் நான். நாலு வருஷமாக, புப்ரனார்பின் என்ற அபின் வகை வலி மருந்தைத் தோல் வழியே தரும் பேட்ச்தான் என்னை நடமாட வைக்கிறது. மணிக்கு 10 மைக்ரோகிராம் அளவு. ஞாயிறு காலை ஒட்டினால் அடுத்த ஞாயிறு வரை தாங்கும். எனக்குச் சிறுநீரகம் சரியில்லாமல் கிரியாட்டினின் ஏறியிருப்பதால், டைக்லோஃபெனாக் வகையறா வலி மருந்துகள் பக்கமே போகக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு.

போன மாதம் வழக்கமான மெடிக்கலில் ஸ்டாக் இல்லை. மருமகன் அலைந்து, பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பெரிய கடையில் சீட்டைக் காட்டி வாங்கி வந்தார். "அதே வலி பேட்ச்தான் சார், கம்பெனி மட்டும் வேற" என்றாராம் கவுண்டரில் இருந்தவர். விலை ரொம்பக் குறைவு. அதற்குச் சந்தோஷம் வேறு பட்டேன், பாருங்கள்.

ஞாயிறு ஒட்டினேன். திங்கள் ஒன்றும் தெரியவில்லை. பழைய பேட்சை உரித்த பிறகும் தோலில் தங்கிய மருந்து மெல்ல உள்ளே போய்க்கொண்டிருக்கும் என்பது அப்புறம்தான் புரிந்தது. செவ்வாய் ராத்திரி கொட்டாவி மேல் கொட்டாவி. மூக்கு ஒழுகியது, கையெல்லாம் புல்லரித்தது. இசப்கோல் இல்லாமல் வயிறு அசையாத எனக்கு விடிவதற்குள் நாலு தடவை பேதி! வைரல் காய்ச்சல் என்று நினைத்து நிலவேம்புக் கஷாயம் குடித்தேன். புதன்கிழமை பழைய வலி முழுசாகத் திரும்பிவிட்டது. கால்களை ஓரிடத்தில் வைக்க முடியவில்லை.

மகள்தான் குப்பைக் கூடையிலிருந்து கவரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் படித்தாள். டைக்லோஃபெனாக். ஒட்ட வேண்டிய நேரமும் 24 மணிதான். நான் மூன்று நாளாக ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கொட்டாவி, பேதி எல்லாம் புப்ரனார்பின் திடீரென்று நின்றுபோனதால் வந்தவை.

உடனே உரித்துவிட்டு டாக்டருக்குப் போன் போட்டோம். வேறு ஊரிலிருந்து சரியான பேட்ச் வந்ததும் ஒன்று மட்டும் ஒட்டச் சொன்னார். விட்டதை ஈடுகட்டுகிறேன் என்று இரண்டு ஒட்டினால் மூச்சு மந்தமாகிவிடுமாம். கிரியாட்டினினும் பார்க்கச் சொன்னார்.

கடைக்குப் போனால், "பிரிச்ச மருந்து ரிட்டர்ன் கிடையாது" என்றார்கள். பில்லில் 'பெயின் பேட்ச் 4' என்று மட்டும் இருக்கிறது. புப்ரனார்பின் ஹெச்1 பட்டியல் மருந்து. விற்றால் நோயாளி பெயர், டாக்டர் பெயர் எல்லாம் தனிப் பதிவேட்டில் ஏற்றி 3 வருஷம் வைத்திருக்க வேண்டும். எதையும் எழுதாமல் தூக்கிக் கொடுத்தபோதே மருமகனுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். அவரைச் சொல்லி என்ன, கவரைப் படிக்காமல் ஒட்டியது நான். நீங்கள் கடையை விட்டு இறங்குவதற்கு முன்னால் கவரில் மருந்தின் பெயரையும் மைக்ரோகிராம் அளவையும் சீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கம்பெனிப் பெயரை மட்டும் நம்ப வேண்டாம்.

நான் பட்ட பாட்டைச் சொன்னதும் அந்தக் கவுண்டர்காரர் சிரித்துக்கொண்டே, "அதுக்கு அடிமையாயிட்டீங்களா சார்?" என்று கேட்டார். பேதியைவிட அதுதான் உறைத்தது. நாலு வருஷத்தில் சீட்டில் எழுதிய அளவைத் தாண்டி ஒரு பேட்ச்கூட ஒட்டியதில்லை. மருந்துக்கு உடம்பு பழகுவது வேறு, போதைக்கு அலைவது வேறு. மருந்துக் கடை வைத்திருப்பவருக்கே இது தெரியவில்லை.

மருந்து ஆய்வாளருக்குப் புகார் எழுதியிருக்கிறேன். மிச்சம் மூன்று பேட்சும் பில்லும் பீரோவில் பத்திரமாக இருக்கின்றன.