மச்சான் கொண்டுவந்த ஈயச்சட்டி, வலைக்குச் சரிவருமோ?

மூண்டு மாசம் பாவிச்சுப் பாத்திட்டுத்தான் எழுதுறன். சாமான் என்னெண்டால் கரண்டில ஈயம் உருக்கிற சட்டி ஒண்டு, அதோட ஆறு குழி உள்ள அலுமினிய அச்சு ஒண்டு. கனடாவில இருக்கிற மச்சான் நல்லூர்த் திருவிழாவுக்கு வரேக்க சூட்கேசுக்குள்ள வைச்சுக் கொண்டுவந்தவன், அவனுக்குப் புதுச்சட்டி வாங்கினாப்பிறகு பழசு எனக்கு. கம்பனிப் பேர் வேண்டாம், பழஞ்சாமானுக்குக் குறை சொல்லிப்போட்டுப் பேரையும் போடுறது முறையில்லை.

அவன் இதில வாத்தது சன்னம், அதுதான் துவக்கு ரவையின்ர முனையில இருக்கிற ஈயக்குண்டு. அவனிட்ட ஒரு பழைய வின்செஸ்டர் 1892 துவக்கு இருக்கு, கீழ இருக்கிற லீவரை இழுத்து இழுத்துச் சுடுறது, ஜோன் பிரவுணிங் எண்ட மனிசன் டிசைன் பண்ணினது. 25-20 எண்ட சின்னச் சைஸ் ரவை, இப்ப கடையில லேசில கிடையாதாம், கிடைச்சாலும் விலை கேட்டா மயக்கம் வருமாம், அதால தானே ஈயத்தை வாத்துச் செய்யிறான். சன்னம் ஒண்டு 86 கிரெயின், எங்கட கணக்கில அஞ்சரைக் கிராம் சொச்சம். ஏன்டா மூக்குத் தட்டையா இருக்கு எண்டு போட்டோவைப் பாத்துக் கேட்டன். அந்தத் துவக்கில ரவையள் குழாய்க்குள்ள ஒண்டுக்குப் பின்னால ஒண்டா நிக்குமாம், கூர் மூக்கெண்டால் முன்னால நிக்கிற ரவையின்ர குண்டியில குத்தி உள்ளுக்கையே வெடிச்சுப்போடுமாம். அந்த அச்சை அங்கயே விட்டிட்டு வா எண்டு முதலே சொல்லிப்போட்டன், யாழ்ப்பாணத்தில சன்னம் வாக்கிற அச்சோட பிடிபட்டா நான் ஆருக்கு விளக்கம் சொல்லுறது. தூண்டிலுக்குப் போடுற மாதிரி வாய் பிளந்த குண்டு வாக்கிற அச்சுத்தான் கொண்டுவந்தவன், ஒரு குண்டு 10 கிராம்.

எனக்கு ஏன் உது எண்டால், ஞாயிறுகளில பண்ணைக் கடற்கரைப் பக்கம் வீச்சுவலை எறியிற பழக்கம் இருக்கு, திரளி, மணலை, சிலநேரம் இறால். என்ர வலைக்கு 4 கிலோ ஈயம் வேணும், அதாவது 400 குண்டு. சட்டி 10 இறாத்தல் பிடிக்கும், நாலரைக் கிலோ, ஒருக்கா நிரப்பினா ஒரு வலை முடிஞ்சிடும். அப்பு முந்திச் சிரட்டைக்கரி அடுப்பில தாச்சியை வைச்சு உருக்கி, பலகையில வெட்டின கோட்டில ஊத்தி, ஆறினாப்பிறகு உளியால துண்டு துண்டா வெட்டுவார், ஒரு நாள் வேலை. இதில அடியில குழாய் இருக்கு, கைபிடியை உயர்த்தினா கீழால ஈயம் ஊத்தும், மேல மிதக்கிற ஊத்தை அச்சுக்குள்ள வராது. கை பழகினாப்பிறகு மணித்தியாலத்துக்கு 300 குண்டு தாண்டும்.

கரண்ட் விசயம் முதல்ல பாருங்கோ. அங்கத்தைச் சாமான் 120 வோல்ட், இஞ்ச 230, நேர குத்தினா அண்டைக்கே கதை முடிஞ்சுது. நான் ட்ரான்ஸ்போமர் ஒண்டு வாங்கினன், அது ஆட்டுக்கல்லு மாதிரிப் பாரம், வண்டு மாதிரி இரைஞ்சுகொண்டே இருக்கும். 500 வாட் எண்டபடியா மணித்தியாலத்துக்கு அரை யுனிற்தான், அது பரவாயில்லை. பின்னேரம் ஏழு மணிக்கு ஊரெல்லாம் லைற் போட வோல்ட் இறங்கும், ஈயமும் களி மாதிரித் தடிச்சுப்போகும், அதால நான் காலமையிலதான் வாக்கிறது. சூட்டைக் கூட்டிக் குறைக்கிற திருகியில 1 தொடக்கம் 9 மட்டும் நம்பர் போட்டிருக்கு, அந்த நம்பருக்கும் சூட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஈயம் உருகிறது 327 பாகையில, அதுக்கு மேல கொஞ்சம் போகோணும், கண்ணாலதான் பிடிக்கவேணும். அச்சுச் சூடாகாட்டி குண்டு கிழவற்ற கன்னம் மாதிரிச் சுருங்கி வரும், கூடச் சூடெண்டால் மேல மா பூசின மாதிரி வெளிறும். முதல் பத்துத் தரம் வாத்ததைத் திரும்பச் சட்டிக்குள்ளயே போடவேணும், அதுக்குக் கவலைப்படாதேங்கோ. அச்சில ஈயம் ஒட்டினா மெழுகுதிரிப் புகை பிடியுங்கோ, கழண்டு விழும்.

இப்ப நான் மொக்குத்தனமா விட்ட பிழையைச் சொல்லுறன். ரயர்க்கடையில வீல் பலன்ஸுக்குக் குத்துற ஈயம் கிடைச்சா விடாதை, அருமையான சாமான் எண்டு மச்சான் வட்சப்பில சொன்னவன். கேட்டு வாங்கி வந்து உருக்கினன், வெள்ளி மாதிரிப் பளபளவெண்டு 400 குண்டு, மனிசியைக் கூப்பிட்டுக் காட்டினனான் வேற. பேந்து வலைக்கயித்தில வைச்சுக் குறட்டால நெரிச்சா வாய் மூடாமல் டக்கெண்டு வெடிக்குது, வெடிச்ச விளிம்பு கயித்தை அறுக்குது. ரயர் ஈயத்தில அந்திமனி எண்ட இன்னொரு உலோகம் கலந்திருக்கு, அது ஈயத்தை இறுக்கும். அவனுக்கு அந்த இறுக்கம் வேணும், ஈயம் கூட மெதுவெண்டால் துவக்குக் குழலுக்குள்ள பூசிப்போடும். எனக்கு வேண்டியது நகத்தால கீறினா கோடு விழுற, கலப்பில்லாத பச்சை ஈயம். நிலத்தில போட்டுப் பாருங்கோ, பச்சை ஈயம் தொப்பெண்டு விழும், கலப்பு கிணுங்கெண்டும். இன்னொண்டு, இப்பத்தை ரயர்த்துண்டுகளில கனக்கச் சிங், அதுதான் நாகம். அது 419 பாகையிலதான் உருகும், சூட்டைக் குறைச்சு வைச்சா மேல மிதக்கும், உருக முதல் அள்ளி எறிஞ்சுபோடுங்கோ, கலந்தால் முழுச்சட்டியும் கஞ்சிதான்.

பிறகு பழைய வலையளின்ர ஈயம் தேடிப் பாசையூர்ப் பக்கம் போய் வாங்கினன், அது திறம். ஆனா கடல்ல கிடந்த ஈயத்தின்ர மடிப்புக்குள்ள ஈரம் நிக்கும். நான் கொதிச்சுக்கொண்டிருந்த சட்டிக்குள்ள ஒரு துண்டைப் போட்டன், படாரெண்டு ஒரு சத்தம், ஈயம் பூவாணம் மாதிரி எழும்பி வேப்பமரத்துக் கொப்பு மட்டும் அடிச்சுது. சேட்டில நாலு ஓட்டை, செருப்பில ஒண்டு, கண்ணாடி போட்டிருந்தபடியா கண் தப்பிச்சுது. இப்ப வெயில்ல ரெண்டு நாள் காயவிட்டு, ஆறின சட்டியில போட்டுத்தான் கரண்ட் போடுறது.

சட்டியின்ர பெரிய குறை, குழாய் ஒழுகும். சொட்டுச் சொட்டா விழுந்து அடியில முருங்கைக்காய் மாதிரி நீளும். மச்சானுக்கும் உந்தக் கரைச்சல் இருந்ததாம். உள்ளுக்க இருக்கிற கம்பியைத் திருப்பித் திருப்பிக் குழாய் வாயைத் துடைச்சா ஒரு கிழமை சும்மா இருக்கும், பிறகும் துவங்கும். நான் கீழ ஒரு மீன்ரின் வைச்சிட்டன், பிரச்சினை முடிஞ்சுது.

மேல மிதக்கிற சாம்பல்தான் நஞ்சு, அதை ஊதாதேங்கோ, மூடியுள்ள ரின்னில போட்டு வையுங்கோ. குசினிப் பக்கம் இந்த வேலை வேண்டாம், சின்னப்பிள்ளையளையும் கிட்ட விடாதேங்கோ, முடிய சோப் போட்டுக் கை கழுவிப்போட்டுச் சாப்பிடுங்கோ. குறடு கிடக்கத்தக்கதாக் குண்டைப் பல்லால கடிச்சு மூடுற ஆக்களைப் பண்ணையில இப்பவும் காணுறன். பட்டரி ஈயம் சும்மா தந்தாலும் வேண்டாம், அசிற்றும் வேற நஞ்சுகளும் கிடக்கு.

அச்சுக்கு 10க்கு 9 குடுப்பன். சட்டிக்கு 6, ட்ரான்ஸ்போமர் இல்லாமல் 230இல வேலை செய்யிற சட்டி எண்டால் 8. வருசத்துக்கு ஒரு வலை கட்டுற ஆள் அச்சை மட்டும் எடுப்பிச்சு அடுப்பும் தாச்சியும் அகப்பையுமா வாக்கலாம். நான் சட்டியைக் குடுக்கமாட்டன். வாற ஞாயிறு குருநகரில இருந்து ஒரு அண்ணை ரெண்டு வலையின்ர ஈயத்தோட வாறார், கூலி காசாத் தரமாட்டாராம், இறாலாத் தருவாராம்.