வைஃபையா, மொபைல் டேட்டாவா: பேட்டரி எதில் தாங்கும்?

வீட்டில் மின்சாரம் இருக்கும்வரை வைஃபைதான் சிக்கனம். ரூட்டர் நொடிக்குச் சுமார் 10 முறை சிறு அறிவிப்பு ஒன்றை அனுப்பும். போன் அந்தக் கணத்துக்கு மட்டும் விழித்து, தனக்கு ஏதேனும் வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு மீண்டும் உறங்கிவிடும். இடையில் வந்தவற்றை ரூட்டரே பிடித்து வைத்திருக்கும்.

4ஜி அப்படியல்ல. ஒரே ஒரு செய்தி வந்து முடிந்தாலும் போனுக்குள் அலைகளை அனுப்பி வாங்கும் ரேடியோ உடனே அடங்காமல் பல நொடிகள் விழித்தே கிடக்கும். தைப்பூசத்தன்று டர்பனிலிருந்து காவடிப் படங்கள் குடும்பக் குழுவில் ஒவ்வொன்றாக வந்து விழுந்துகொண்டிருந்தால் அதற்கு உறக்கம் ஏது? செல்போன் கோபுரம் தொலைவில் இருந்தால் செலவு இன்னும் கூடும். சாதாரண 4ஜி போன் அலைபரப்பும் சக்தியை 200 மில்லிவாட் வரை ஏற்றிப் பேச வேண்டியிருக்கும்.

மின்வெட்டில் கணக்கே வேறு. 2023-இல் தென்னாப்பிரிக்கா பட்ட பாடு டர்பனின் சாட்ஸ்வொர்த்வாசிகளுக்குத் தெரியாததா? ரூட்டர் அணைந்ததும் 4ஜிதான் கதி. கோபுரத்தின் பேட்டரியும் தீர்ந்துவிட்டால், எட்டாத சிக்னலைத் தேடித் தேடியே போன் சார்ஜைக் கரைத்துவிடும். அழைப்பு எதையும் எதிர்பார்க்கவில்லையென்றால் அப்போது ஏரோபிளேன் மோடில் போடுவதே மேல்.

என் ஓட்டு, மின்சாரம் போனாலும் ரூட்டரை ஓடவைக்க ஒரு சிறிய யுபிஎஸ். ஃபைபர் இணைப்பு வைத்திருப்பவர்கள் சுவரில் இருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் மின்சாரம் வேண்டும் என்பதை மறந்துவிடுகிறார்கள். இரண்டுக்கும் வெளியீடு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.