திருகோணமலைக் காருக்குப் பிபிஎஃப்: முன்பக்கத்துக்குச் சரி, முழு உடம்புக்கு வேண்டாம்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். திருகோணமலையில் ஓடுகிற காருக்கு முன்பக்கம் மட்டும் பிபிஎஃப், அதாவது பெயின்ற்றைக் காக்க அதன் மேல் ஒட்டுகிற தெளிவான ஃபிலிம், ஒட்டுவது கொடுத்த காசுக்குத் தகும். முழு உடம்பையும் சுற்றுவது பெரும்பாலானவர்களுக்கு வீண்செலவு. இடையில் ஒரு தடவை பெயின்ற் அடித்த கார் என்றால் இரண்டு தரம் யோசிக்க வேண்டும். ஒட்டுகிற இடம் நாலு பக்கமும் திறந்த கொட்டகையாக இருந்தால், ஃபிலிம் எந்த நாட்டுச் சரக்கு என்றாலும் சாவியைக் கொடுக்காமல் திரும்பி வருவதே நல்லது.

செராமிக் பூச்சையும் பிபிஎஃப்பையும் ஒரே மூச்சில் சொல்லி விலை பேசுவது வழக்கமாகிவிட்டது. இரண்டும் வேறு. செராமிக் என்பது ஒரு சில மைக்ரோன் (மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மட்டுமே தடிப்புள்ள திரவப் பூச்சு. தண்ணீர் உருண்டு ஓடும், கழுவ இலகு, கல் பட்டால் ஒன்றும் தாங்காது. பிபிஎஃப் இழுபடுகிற, கண்ணாடிபோல் தெளிவான தோல். 150 முதல் 200 மைக்ரோன் வரை தடிப்பு. கம்பனிப் பெயின்ற்றின் எல்லாப் படைகளையும் சேர்த்தாலே 100, 150 மைக்ரோன்தான் வரும் என்பதால், பெயின்ற்றைவிடத் தடிப்பான கவசம் ஒன்று மேலே கிடக்கிறது. வியட்நாம் போர்க்காலத்தில் ஹெலிகொப்டர் இறகுகளின் விளிம்பை மணல் தின்னாமல் காக்க 3எம் நிறுவனம் செய்த ஃபிலிமின் வழிவந்த சரக்கு இது. மணலுக்காகப் பிறந்த பொருள் நிலாவெளி வீதிக்கு வந்து சேர்ந்ததில் வியப்பில்லை.

இங்கே பெயின்ற்றைக் கெடுப்பவை எவை என்று பார்த்தால்தான் எங்கே ஒட்டுவது என்று விளங்கும். ஹபரணை வழியாகக் கொழும்புக்குப் போகிற ஏ6 வீதியில் டிப்பர் தெறிக்கும் சிறு கல் பொனட்டின் முன் விளிம்பையும் பம்பரையும் பதம் பார்க்கும். அதே வீதியில் மாலை மங்கிய பிறகு ஓடினால் முன்பக்கம் முழுக்கப் பூச்சி அப்பும். அடுத்த நாள் வெயிலில் அது காய்ந்து, பெயின்ற்றின் மேலே இருக்கிற நிறமற்ற கிளியர் படையை அரிக்கத் தொடங்கும். கல்லுப்பட்ட புள்ளி சிறிதுதான், ஆனால் உப்புக் காற்றுள்ள ஊரில் அந்தப் புள்ளி துருப் பிடிக்க அதிக நாள் எடுக்காது. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடற்கரை மணல் சில்லில் ஏறி, சில்லுக்குப் பின்னால் இருக்கிற கீழ் விளிம்பை அரத்தால் தேய்த்தது போலத் தேய்க்கும். கூரைக்கும் பின் கதவுகளுக்கும் இந்த ஆபத்து எதுவும் பெரிதாக இல்லை. அங்கே ஒட்டுகிற காசை நல்ல ஷம்பூவுக்கும் நிழலான தரிப்பிடத்துக்கும் செலவழிக்கலாம்.

ஆகவே எங்கள் பட்டியல் சிறியது: பொனட் முழுவதும், முன் பம்பர், முன் மட்கார்ட் இரண்டும், ஹெட்லைட், சைட் மிரர். இவற்றோடு கதவுக் கைபிடியின் குழி, கதவு விளிம்பு, பின் பம்பரின் மேல் விளிம்பு, சில்லுக்குப் பின்னாலுள்ள கீழ்ப்பகுதி ஆகியவற்றுக்குச் சிறு துண்டுகள். பொனட்டைப் பாதியில் வெட்டி 'அரைப் பொனட்' ஒட்டித் தருவதாகச் சொன்னால் வேண்டாம் என்று விடுங்கள். மிச்சம் பிடிக்கிற காசு கொஞ்சம். குறுக்கே ஓடும் கோட்டில் ஆறு மாதத்தில் அழுக்கு நிறைந்து கறுப்பு நூல் கட்டியது போலத் தெரியும். ஃபிலிம் ரோல் 1.52 மீற்றர் அகலம், பெரும்பாலும் 15 மீற்றர் நீளத்தில் வரும். வாகன்ஆர் போன்ற ஜப்பானியச் சிறு கார்களின் முழு அகலமே 1.48 மீற்றரைத் தாண்டாது என்பதால் பொனட் ஒரே துண்டில் தாராளமாக அடங்கும். இணைப்பு வேண்டும் என்று யாராவது சொன்னால், கையில் இருப்பது வேறு காரில் மிஞ்சிய துண்டு என்று பொருள்.

ஃபிலிமைத் தெரிவதில் ஒரே ஒரு கேள்விதான் முக்கியம்: டிபியுவா, பிவிசியா? டிபியு என்பது பொலியூரித்தேன். இழுத்தால் நீளும், விட்டால் மெல்லத் திரும்பும், வெயிலைப் பல ஆண்டு தாங்கும். பிவிசி மலிவு, இழுத்த இடத்தில் இழுத்தபடி நிற்கும், நாளாக நாளாக இறுகும், மஞ்சளிக்கும், கழற்றும்போது துண்டு துண்டாக உடையும். டிபிஎச் என்ற பெயரில் வருவதும் பிவிசி வழிச் சரக்குதான். விரலகலத் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி இரண்டு கையாலும் இழுத்துப் பாருங்கள். பித்தளைப் பிரஷால் கீறிச் சுடுதண்ணீர் ஊற்றி, கீறல் மறைவதைக் காட்டுவதைக் கடைகள் பெரிதும் விரும்புகின்றன. பார்க்க அழகான வேடிக்கை, ஆனால் மேற்பூச்சுள்ள டிபிஎச்சும் அப்படி மறைக்கும் என்பதால் அது ஒன்றையும் நிரூபிக்காது. 3எம், எக்ஸ்பெல், சன்டெக், லூமர் போன்ற பெயர்களைச் சொன்னால் ரோல் பெட்டியையும் அதன் தொடர் இலக்கத்தையும் காட்டச் சொல்லுங்கள். அந்த இலக்கம் பில்லில் எழுதப்பட வேண்டும். பத்து ஆண்டு உத்தரவாதம் என்பது பொதுவாக மஞ்சளித்தல், வெடித்தல், பசை விடுதல் ஆகியவற்றுக்குத்தான். கல் குத்திக் கிழிந்ததும் ஓரம் தூக்கியதும் அதில் வராது. ஓரம் தூக்குவது ஒட்டியவர் பொறுப்பு. அதற்குத் தனியாக எத்தனை மாதம் என்று எழுதி வாங்க வேண்டும்.

இனி மறுபெயின்ற் விடயம். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் கைமாறி வந்த கார்களில் எங்கோ ஒரு பலகையாவது கராஜில் பெயின்ற் கண்டிருக்க வாய்ப்பு அதிகம். தடிப்பு அளக்கும் கருவியை வைத்தால் கம்பனிப் பெயின்ற் 150க்குள் காட்டும். 200க்கு மேல் போனால் சந்தேகப்படுங்கள். ஆயிரத்தைத் தொட்டால் உள்ளே நெளிவை நிரப்பிய புட்டி இருக்கிறது. பிளாஸ்ரிக் பம்பரில் இந்தக் கருவி வேலை செய்யாது; அங்கே ஓரங்களிலும் கிறில்லின் பின்புறத்திலும் பெயின்ற் தூவல் படிந்திருக்கிறதா என்று கண்ணால்தான் பார்க்க வேண்டும். ஒழுங்காகப் பிடிக்காத பெயின்ற் மேல் ஒட்டினால், ஒட்டும்போது ஒன்றும் நடக்காது. கழற்றும் நாளில் கிளியர் படையும் சேர்ந்து உரிந்து வரும். புதிதாக அடித்த பெயின்ற் என்றால் குறைந்தது 30 நாள், முடிந்தால் இரண்டு மாதம் விட வேண்டும். உள்ளே இருக்கிற தின்னர் ஆவி வெளியேறாமல் ஒட்டினால் நுண்ணிய குமிழ்கள் எழும்பும், அவை போகவே போகா. கல்லுப்பட்டுத் துருப் பிடித்த புள்ளிகளையும் முதலில் சுரண்டி, தொட்டுப் பூசி, காயவிட வேண்டும். மூடி ஒட்டினால் துரு நிற்கும் என்று எண்ணாதீர்கள். உள்ளே ஈரமும் உப்பும் இருக்கும்வரை அது வளரும்.

ஒரு நிலையத்தின் தரம் தெரிவது ஒட்டும் நேரத்தில் இல்லை, அதற்கு முந்தின நாளில். முன்பக்கத்துக்கு மட்டுமே தயாரிப்புக்கு ஒரு முழுநாள், ஒட்டுவதற்கு ஒரு நாள், மூன்றாம் நாள் ஓரங்களைச் சரிபார்த்துக் கையளிப்பது என்பதுதான் நியாயமான கணக்கு. காலையில் கொடுத்தால் பின்னேரம் எடுக்கலாம் என்பவர் தயாரிப்பை விட்டுவிடுகிறார்.

தயாரிப்பில் என்ன நடக்க வேண்டும்? கழுவிய பிறகு தார்ப் புள்ளிகளைத் தாரகற்றியால் எடுப்பது, இரும்புத் தூளைக் கரைக்கும் திரவம் தெளிப்பது, களிக்கட்டியால் தேய்த்து மேற்பரப்பைக் கண்ணாடி போலாக்குவது, சுழிக் கீறல்கள் இருந்தால் பொலிஷ் பண்ணுவது. கீறலை ஃபிலிம் மறைக்காது, பல நேரம் எடுத்துக் காட்டும். பொலிஷில் இருக்கிற எண்ணெய் ஓர இடுக்குகளில் தங்கினால் பசை அங்கே பிடிக்காது. அதனால் கடைசியில் ஐசோபுரோப்பைல் அல்கஹோல் கலந்த தண்ணீரால் ஓரங்களை, குறிப்பாகப் பொனட்டின் கீழ் மடிப்பை, துணியில் அழுக்கு வராமல் போகும்வரை துடைக்க வேண்டும். நம்பர் பிளேட்டும் சின்னங்களும் கழற்றப்பட வேண்டும். அவற்றின் பின்னாலும் ஹெட்லைட் இடுக்கிலும் தேங்கிய தண்ணீரைக் கொம்பிரசர் காற்றால் ஊதி எடுப்பார்கள். அந்தக் காற்றுக்கு ஈரமும் எண்ணெயும் பிரிக்கிற வடிகட்டி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் துடைத்த இடத்துக்கே எண்ணெய்யை ஊதுகிறார்கள். எங்கள் ஊரில் இதற்கு மேல் இன்னொன்று: இடுக்கில் உப்பு. கழுவித் துடைத்த பிறகும், ஒட்டும்போது தெளிக்கிற தண்ணீர் உள்ளே போய் உப்பையும் மணலையும் கரைத்து வெளியே கொண்டு வரும். பாதி ஒட்டிய ஃபிலிமின் கீழ் அது ஓடி வந்தால் கதை முடிந்தது. இடுக்குகளை இரண்டு தடவை நல்ல தண்ணீரால் அலசி ஊதுகிற இடத்தைத் தேடுங்கள்.

ஒட்டும் தண்ணீரையும் கேளுங்கள். ஒரு லீற்றருக்கு இரண்டு முதல் நான்கு மில்லிலீற்றர் குழந்தை ஷம்பூ கலந்த தண்ணீரில் ஃபிலிம் வழுக்கி இடத்துக்கு வரும். 10 முதல் 15 வீதம் அல்கஹோல் கலந்த தண்ணீர் அதைப் பிடித்து நிறுத்தும். கடலோரக் கிணற்றுத் தண்ணீரை இதற்கு எடுத்தால் காய்ந்த பிறகு சுண்ணாம்பும் உப்பும் வெண்பூ போல உள்ளே நிற்கும். ஆர்ஓ தண்ணீர்தான் வேண்டும். கச்சான் காற்று அடிக்கிற மே முதல் ஓகஸ்ற் வரையான மாதங்களில் தூசி ஒருபக்கம், வெக்கை மறுபக்கம். தெளித்த தண்ணீர் ரப்பர் தட்டையால் தள்ளுமுன்னே காய்ந்து, பசை நினையாத இடத்தில் பிடித்துவிடும். இதைச் சமாளிக்க ஷம்பூவைக் கூட்டுவார்கள். கூட்டினால் பிறகு ஓரம் பிடிக்காது. கதவடைத்த, குளிரூட்டிய அறை ஆடம்பரம் இல்லை, அடிப்படைத் தேவை. தரை ஈரமாக இருந்தால் தூசி எழும்பாது என்று தெரிந்தவர்கள் வேலை தொடங்குமுன் தண்ணீர் அடித்து வைப்பார்கள். அதைப் பார்த்தாலே பாதி நம்பிக்கை வரும்.

வெட்டும் முறையில் இரண்டு வகை. கணினியில் அளவெடுத்து முன்கூட்டியே வெட்டியது ஓரத்தில் ஒன்றிரண்டு மில்லிமீற்றர் இடைவெளி விடும், ஆனால் காரின் மேல் பிளேட் படாது. மொத்தமாகப் போர்த்து, காரிலேயே வெட்டி மடிப்பது பார்வைக்கு அழகு. கை தவறினால் பெயின்ற்றில் பிளேட் கீறல், அதில் உப்பு. பொனட்டின் முன் விளிம்பு 5 முதல் 10 மில்லிமீற்றர் உள்ளே மடிக்கப்பட வேண்டும், அங்கேதான் காற்றும் மணலும் நேரே மோதுகின்றன. மற்ற இடங்களில் முன்கூட்டியே வெட்டியதே போதும். கையில் பிளேட்டைப் பிடித்துப் பெயின்ற் மேல் அழுத்தி வெட்டுகிறவரைக் கண்டால் அப்போதே நிறுத்தச் சொல்லுங்கள். பம்பரில் உணரிகள் உள்ள புதுக் கார்களில் அவற்றின் வட்டத்தை ஃபிலிம் மூடக் கூடாது.

கையேற்கும்போது வெயிலில் நிறுத்தி, பிறகு நிழலில் ரோச் அடித்துப் பாருங்கள். தண்ணீர்க் குமிழ் விரலால் அழுத்தினால் நகரும், நாளுக்கு நாள் சிறுக்கும், இரண்டு வாரத்தில் போய்விடும். காற்றுக் குமிழும் தூசி மூட்டிய கூரான மேடும் போகாது. வளைவுகளில் வெள்ளை வரிகள் தெரிந்தால் ஃபிலிமை அளவுக்கு மேல் இழுத்திருக்கிறார்கள், அந்தத் துண்டை மாற்றச் சொல்லலாம். பம்பர் மூலையில் விரல் விரலாக எழும்பியிருந்தால் ஹீற் கன்னும் அல்கஹோல் தண்ணீரும் போதும், சரிசெய்யக் கூடிய பிழைதான். முழு முன்பக்கத்தில் ஓரிரு தூசிப் புள்ளியைப் பெரிதுபடுத்த வேண்டாம். கண் மட்டத்தில், பொனட்டின் நடுவில் ஒன்றிருந்தால் பேசலாம்.

நவம்பரிலிருந்து ஜனவரி வரை வடகீழ்ப் பருவமழையில் ஒட்டாதீர்கள், வீட்டில் மூடிய கராஜ் இருந்தாலொழிய. முதல் 48 மணிநேரம் மழை படக் கூடாது, ஒரு கிழமைக்குக் கழுவக் கூடாது. பிறகு பிரஷர் தண்ணீர் அடிக்கும்போது 30 சென்றிமீற்றருக்குக் கிட்டக் கொண்டு போகாமல், ஓரத்துக்கு நேரே பாய்ச்சாமல் அடிக்க வேண்டும். மண்ணெண்ணெய், டீசல் நனைத்த துணியால் 'பளபளப்பு' ஏற்றுகிற சேர்விஸ் நிலையங்களில் ஃபிலிம் உள்ள பகுதியைத் தொட விடாதீர்கள். வீங்கும், கறை பிடிக்கும். காக்கை எச்சத்தையும் பூச்சியையும் ஈரத் துணி போட்டு ஐந்து நிமிடம் ஊறவிட்டே எடுக்க வேண்டும், காய்ந்ததைச் சுரண்டக் கூடாது. புதுக் காருக்குக் கோயிலில் பூசை வைப்பவர்கள் சந்தனம் குங்குமத்தைக் கண்ணாடியிலோ நம்பர் பிளேட்டிலோ வைக்கச் சொல்லுங்கள். பூசை மஞ்சளின் கறை வெயிலில் நாளடைவில் வெளுக்கும். சாயம் கலந்த குங்குமம் ஃபிலிமின் மேற்பூச்சில் ஊறிவிட்டால் பொட்டு நிரந்தரம்தான். தென்னைக்குக் கீழ் நிறுத்துவோருக்கு: நெளிவை எந்த ஃபிலிமும் தடுக்காது.

மஞ்சளித்து, ஓரம் வெடிக்கத் தொடங்கிய ஃபிலிமை இன்னும் ஒரு வருடம் ஓடட்டும் என்று விடாமல் கழற்ற வேண்டும். பழசாகப் பழசாகப் பசை பெயின்ற்றோடு இறுகும். சூடேற்றி, மேலே தூக்காமல் மேற்பரப்பை ஒட்டினாற்போல் பின்னோக்கி மெதுவாக இழுப்பதுதான் முறை. மிச்சப் பசைக்குத் தோடம்பழ எண்ணெய் சார்ந்த கரைப்பான் போதும், தின்னர் கூடாது. இந்த ஒரு வேலைக்குத்தான் எங்கள் ஊர் வெயில் உதவிக்கு வரும்: மதியம் ஒரு மணிநேரம் வெளியே நின்ற பொனட்டில் ஹீற் கன்னுக்குப் பாதி வேலைதான் மிஞ்சும்.