பூச்சிக்கால் ஸ்லைடு பெட்டி: கணு தெரிகிறது, பாதம் நசுங்கிவிட்டது

கோலாலம்பூரில் இணையம் வழி விற்கப்படும் இந்தப் பெட்டியில் ஐந்து நுண்ணோக்கி ஸ்லைடுகள்: வீட்டு ஈ, தேனீயின் முன்கால், கரப்பான், வெட்டுக்கிளி, கொசு. தமிழ்ப்பள்ளி அறிவியல் கழகத்துக்கு வாங்கலாமா என்றால், தேனீக்காகவும் ஈயின் பாதத்துக்குள் நரம்புபோல ஓடும் ஒரு கோட்டுக்காகவும் வாங்கலாம்.

முதலில் தேனீ. 10 மடங்கு பொருள்வில்லையில் (ஸ்லைடுக்கு அருகிலுள்ள வில்லை) முதல் பாதக்கணுவின், அதாவது பாதத்தின் முதல் துண்டின், அரைவட்டப் பள்ளமும், அதை மூடும் டிபியா முள்ளும் (டிபியா என்பது தொடைக்கும் பாதத்துக்கும் இடையிலுள்ள பகுதி) பளிச்சென்று தெரிகின்றன. உணர்கொம்பை இந்த இடுக்கில் வைத்து இழுத்துத்தான் தேனீ மகரந்தத்தைத் துடைக்கிறது.

ஈயின் ஸ்லைடில் பாதக்கணுக்கள் ஐந்தையும் எண்ணிவிடலாம். அவற்றுக்குள் ஓடும் கருங்கோடு, நகங்களை இழுக்கும் தசைநாண். பாதக்கணுக்களில் தசையே கிடையாது. இழுக்கும் தசை மேலே, தொடையிலும் டிபியாவிலும் இருக்கிறது. ஸ்லைடு செய்யும்போது காலை ஊறவைக்கும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரம் தசையைக் கரைத்துவிடும், பூச்சியின் ஓட்டுப்பொருளான கைட்டினாலான நாணை விட்டுவைக்கும். அதனால்தான் இவ்வளவு தெளிவு.

ஆனால் அதே காரம்தான் பாதத்தைக் கெடுத்திருக்கிறது. நகங்களுக்கு அடியிலுள்ள இரண்டு மெத்தைகளும் மென்சவ்வு. அதிகநேரம் ஊறவைத்து, மேலே மூடுகண்ணாடியையும் அழுத்தினால் பழுப்புத் திட்டாகிவிடும். எண்ணெய்ப்பசை சுரக்கும் ஒட்டுமயிர்களைக் காண 40 மடங்கு வில்லைக்குப் போகாதீர்கள். காலைப் பதித்துள்ள பிசின் தடிமனாக இருப்பதால் வில்லை கண்ணாடியில் முட்டும்.

அட்டைக் குறிப்பிலும் இரண்டு பிழைகள். கரப்பானின் கணுவடி மெத்தையை 'அரோலியம்' என்கிறார்கள், அது யூப்ளான்டுலா. அரோலியம் நகங்களுக்கு நடுவே இருப்பது. வெட்டுக்கிளிக்கு ஐந்து கணுவாம்! இருப்பது மூன்றுதான். முதல் கணுவின் அடியிலுள்ள மூன்று திண்டுகளையும் தனித்தனிக் கணுவாக எண்ணியிருப்பார்கள் போலும். கொசுவில் சொல்ல ஒன்றுமில்லை.

மெத்தையைப் பார்க்க உயிருள்ள ஈயே மேல். சில நிமிடம் குளிர்பெட்டியில் வைத்து, மயங்கியதும் தெளிவான பெட்ரி கிண்ணத்தில் போட்டு மூடுங்கள். தெளிந்தபின் மூடியின் உட்புறம் தலைகீழாக நடக்கும்போது, 4 மடங்கு வில்லையில், பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். மெத்தை ஒட்டுவதும், பாதத்தைத் திருகி உரித்தெடுப்பதும் தெரியும்.

பெட்டியைப் படுக்கையாகவே வையுங்கள், உள்ளே ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலமும் போடுங்கள். நம் ஊர் ஈரத்துக்கு அட்டைப்பெட்டி சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும்.