என்.ஓ.சி. தருகிறோம் என்று நீட்டும் அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் தவணைக்குச் சரக்கு ஆட்டோ எடுத்து ஓட்டுகிறவர்களுக்காக எழுதுகிறேன். வழக்கு நடப்பதால் நிறுவனத்தின் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் இங்கே பலருக்கும் கடன் கொடுத்திருக்கும் நிறுவனம்தான்.

என்னுடையது பொள்ளாச்சிக்குத் தேங்காய் ஏற்றிப் போகும் வண்டி. ஒரு தவணைகூடத் தவறாமல் கட்டி முடித்தேன். ஆர்.சி.யில் எச்.பி. (வண்டி மேல் கடன் இருக்கிறது என்ற பதிவு) ரத்து செய்ய என்.ஓ.சி.யும் (கடன் தீர்ந்தது, ஆட்சேபம் இல்லை என்ற சான்று) படிவம் 35-ம் வேண்டும் என்று கோயம்புத்தூர்க் கிளைக்குப் போனால், கணக்குத் தாள் ஒன்றை அச்சடித்துக் கையில் கொடுத்தார்கள். தவணை பாக்கி பூஜ்யம், தாமதக் கட்டணம் பூஜ்யம். அதற்குக் கீழே 'இதர கட்டணம் 9,440 ரூபாய்'. எதற்கான கட்டணம் என்று கேட்டதற்கு, "சிஸ்டத்தில் காட்டுகிறது, கட்டினால்தான் என்.ஓ.சி." என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. கடன் ஒப்பந்தத்தின் நகலும் தரவில்லை. நகல் தர வேண்டும், கடன்தாரருக்குப் புரியும் மொழியில் விவரம் சொல்ல வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி இவர்களுக்கு விதித்திருக்கும் நடத்தை விதி.

ரசீதுகளை இணைத்துப் பதிவுத் தபாலில் புகார் அனுப்பினேன். சென்னையிலிருந்து ஒரு வக்கீல் நோட்டீஸ் வந்தது. நான் பணம் பாக்கி வைத்திருக்கிறேனாம். அதைத் தீர்க்க நிறுவனமே ஒரு நடுவரை (ஆர்பிட்ரேட்டர், அதாவது நீதிமன்றத்துக்கு வெளியே தகராறில் தீர்ப்புச் சொல்பவர்) நியமித்துவிட்டதாம். சென்னையில் விசாரணை, வராவிட்டால் ஒருதலையாகத் தீர்ப்பு. என் மேல் வழக்குப் போடுகிறவனே நீதிபதியையும் அமர்த்துகிறான் என்பதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

பிறகு லோடு ஏற்றும் இடத்தில் மற்ற ஓட்டுநர்களிடம் விசாரித்தேன். அவர்களின் கணக்குத் தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். வண்டி வேறு, கடன் தொகை வேறு, கடன் வாங்கிய வருடம் வேறு. எல்லாவற்றிலும் அதே 9,440. தனி ஒருவன் இந்தத் தொகைக்காக வக்கீல் வைத்தால் செலவு அதைத் தாண்டிவிடும், ஆகவே முணுமுணுத்துக்கொண்டே கட்டிவிடுவான் என்பதுதான் இவர்களின் கணக்கு. உலகம் முழுக்க இதே கணக்குதான். அமெரிக்காவில் 'இலவச' போனுக்கு 30.22 டாலர் வரி பிடித்ததை எதிர்த்து ஒரு தம்பதி எல்லோருக்குமாகச் சேர்த்து வழக்குத் தொடுத்தபோது, தகராறு வந்தால் நடுவரிடம்தான் போக வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்த நடுவர் விதியைக் காட்டி ஏ.டி. அண்டு டி. நிறுவனம் உச்ச நீதிமன்றம் வரை போய் 2011-ல் ஜெயித்தது. அவரவர் தனித்தனியாகத்தான் போக வேண்டும் என்றாகிவிட்டது.

நம் நாட்டில் நிலைமை அப்படி இல்லை. நடுவர் விதி இருந்தாலும் நுகர்வோர் மன்றத்தின் கதவு மூடாது என்று எம்மார் எம்ஜிஎஃப் வழக்கில் 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஹேமலதா தேவி வழக்கில் 2023 அக்டோபரில் மறுபடியும் சொன்னது: நுகர்வோரை நடுவரிடம் போகச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது, எங்கே போவது என்பது அவருடைய விருப்பம். ஒரு தரப்பே தனி நடுவரை நியமிக்கும் முறையையும் 2019-ல் பெர்கின்ஸ் ஈஸ்ட்மேன் வழக்கில் நீதிமன்றம் ஏற்கவில்லை. 2024 நவம்பர் 8-ல் ஐந்து நீதிபதிகள் அமர்வும், அப்படிப்பட்ட நியமனம் நடுவரின் நடுநிலைமையைச் சந்தேகத்துக்கு உள்ளாக்கும் என்று சொல்லியிருக்கிறது.

இது அந்த நிறுவனத்துக்கும் நன்றாகத் தெரியும். அதனால்தான் அந்தத் தாள் வருகிறது.

நோட்டீஸ் வந்த பின் வசூல் பிரிவிலிருந்து ஒரு பையன் வந்தான். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, மிகவும் மரியாதையாக, "அண்ணா, இதில் ஒரு கையெழுத்துப் போடுங்கள், பேசி முடித்துவிடலாம், என்.ஓ.சி. வந்துவிடும்" என்றான். ஒரே பக்கம், முழுக்க ஆங்கிலம். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி. பாலக்காட்டில் எங்கள் வழக்கறிஞரிடம் அதைக் காட்டிய பிறகுதான் விஷயம் புரிந்தது. நிறுவனம் நியமித்த நடுவர் மீது எனக்கு ஆட்சேபம் இல்லை என்று நானே எழுதிக் கொடுப்பதாக இருந்தது அந்தத் தாள். நடுவர் சட்டம் 12(5) பிரிவில், தகராறு எழுந்த பிறகு இரு தரப்பும் எழுத்தில் சம்மதித்தால் தகுதியற்ற நடுவரும் செல்லுபடியாவார் என்று ஒரு விலக்கு இருக்கிறது. அந்த ஒரு கையெழுத்தைத்தான் டீக்கடை வரை தேடி வந்தார்கள். என்னுடன் ஓட்டும் பெரியவர் ஒருவர் சமாதானம் என்று நம்பிப் போட்டுக் கொடுத்துவிட்டார். அவருக்கு இன்றுவரை என்.ஓ.சி. வரவில்லை.

நாங்கள் மற்றவர்கள் செய்தது இது. நியமனத்தை ஏற்கவில்லை, ஒப்புதலும் தரவில்லை என்று நடுவருக்கும் நிறுவனத்துக்கும் பதிவுத் தபாலில் எழுதினோம். பேசாமல் இருந்தால் ஒருதலைத் தீர்ப்பு வந்துவிடும். பிறகு ஒன்றாகப் பாலக்காடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்தோம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். சென்னைக்கு அலைய வேண்டியதில்லை. சரக்கு வண்டி என்றால் வணிகம், நீ நுகர்வோர் இல்லை என்று வாதாடுவார்கள். பிழைப்புக்காகச் சொந்தமாக ஓட்டுகிறவர் நுகர்வோர்தான் என்று சட்டத்தின் விளக்கத்திலேயே இருக்கிறது. ஆர்.சி., உரிமம், லோடு ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள்.

ஒரே பாதிப்புள்ள எல்லோருக்காகவும் சிலர் வழக்கு நடத்த அதே நுகர்வோர் சட்டத்தின் 35(1)(சி) பிரிவு வழி செய்கிறது. அதற்கு ஆணையத்தின் அனுமதி வேண்டும், எல்லோருடைய குறையும் ஒன்றே என்று காட்ட வேண்டும். பெங்களூரு பிரிகேட் குடியிருப்பு வழக்கில் 2021 டிசம்பரில், சிலர் 1,134 வீடுகளுக்கும் சேர்த்துப் பேச முடியாது, ஆனால் வந்தவர்கள் கூட்டாகப் புகார் கொடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்த்தது. எங்கள் வழக்கறிஞர் இந்தக் கூட்டுப் புகார் வழியையே தேர்ந்தெடுத்தார். செலவைப் பங்கிட்டுக்கொண்டோம். வழக்கு ஏற்கப்பட்டு நிறுவனத்துக்கு நோட்டீஸ் போயிருக்கிறது. இப்போது ஒவ்வொருவரையும் தனியாக அழைத்து, "உங்களுக்கு மட்டும் தள்ளுபடி" என்கிறார்கள்.

2024 அக்டோபர் 1-க்குப் பிறகு கடன் வாங்கியவர்கள், முக்கிய விவர அறிக்கை என்று ஒன்று கொடுத்திருப்பார்கள், அதை எடுத்துப் பாருங்கள். உங்கள் வெளிப்படையான சம்மதம் இல்லாமல், அதில் இல்லாத கட்டணத்தை வசூலிக்க ரிசர்வ் வங்கி அனுமதிக்கவில்லை.

ஏற்கெனவே நடுவர் தீர்ப்பு வந்துவிட்டவர்கள் தபால் உறையைத் தூக்கி எறியாதீர்கள். கையில் கிடைத்த தேதியை அதன் மேலேயே எழுதுங்கள். அந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் நடுவர் சட்டத்தின் 34-வது பிரிவில், தீர்ப்பை ரத்து செய்யக் கேட்டு நீதிமன்றத்தை அணுக வேண்டும். தக்க காரணம் காட்டினால் இன்னும் 30 நாள் கிடைக்கும், அதற்கு மேல் ஒரு நாளும் கிடையாது. விட்டுவிட்டால் அதே தீர்ப்பு நீதிமன்ற ஆணையின் பலத்தோடு பாலக்காட்டுக்கே வந்து உங்கள் வண்டியைப் பிடிக்கும்.