கறையானுக்கே தெரியாத மருந்து: இமிடாகுளோபிரிட் 30.5 எஸ்.சி. எப்படி?

மூடியைத் திறந்தால் மூக்கைத் துளைக்கும் நெடி இல்லை. அடித்த அன்று கறையான் கொத்துக் கொத்தாகச் செத்து விழுவதும் இல்லை. இந்த இரண்டையும் பார்த்துவிட்டு "வெறும் தண்ணியை ஊத்திட்டுப் போயிட்டாங்க" என்று ஒற்றை நட்சத்திரம் போடுகிறவர்கள் ஏராளம். ஆனால் மண்ணில் ஊற்றும் இந்த இமிடாகுளோபிரிட் மருந்தை வாங்குவதற்கான காரணமே அந்த இரண்டும்தான்.

பைஃபென்த்ரின், சைபர்மெத்ரின் போன்ற பைரித்ராய்டு மருந்துகள் கறையானை விரட்டுபவை. மருந்து பட்ட மண்ணைக் கறையான் உணர்ந்து ஒதுங்கிவிடும். எங்கேயாவது இரண்டு விரற்கடை மண் நனையாமல் விட்டுப்போயிருந்தால் அந்த வழியாகவே உள்ளே வரும். இமிடாகுளோபிரிட்டைக் கறையானால் உணர முடியாது. மருந்து மண்ணிலேயே சுரங்கம் தோண்டும், உடம்பெல்லாம் பூசிக்கொள்ளும். பிறகு நரம்பு தளர்ந்து, இரை எடுப்பதையும் கூட்டாளிகளை நக்கிச் சுத்தம் செய்வதையும் விட்டுவிடும். சாக நாட்கள் ஆகும். அதற்குள் தொட்டுப் பழகியவற்றுக்கும் கொஞ்சம் போய்ச்சேரும். அதற்காக "ராணியே செத்துவிடும்" என்ற விளம்பரப் பேச்சை நம்பி வாங்காதீர்கள். பாதிக்கப்பட்ட கறையான் சீக்கிரமே நடை தளர்ந்துவிடுவதால் தொலைவில் உள்ள புற்றுவரை மருந்து போய்ச்சேரும் என்று சொல்ல முடியாது. வீட்டுக்கும் புற்றுக்கும் நடுவே ஒரு தடுப்பு, அவ்வளவுதான்.

கலவை: ஒரு லிட்டர் தண்ணீருக்கு 2.1 மி.லி.; பத்து லிட்டர் வாளிக்கு 21 மி.லி. இதில் 0.075 சதவீதக் கரைசல் கிடைக்கும். 250 மி.லி. பாட்டில் ஏறக்குறைய 119 லிட்டருக்கு வரும். மூடியால் அளக்காமல் ஊசியில்லாத சிரிஞ்சால் அளப்பது நல்லது. இது நீரில் மிதக்கும் துகள் வகை மருந்து (பெயரில் வரும் எஸ்.சி. என்பது அதுதான்) என்பதால் நாள்பட்ட பாட்டிலில் அடியில் வண்டல் படிந்திருக்கும். நன்றாகக் குலுக்காமல் ஊற்றினால் முதல் வாளி நீர்த்தும் கடைசி வாளி கெட்டியாகவும் போகும். பாதித் தண்ணீர், பிறகு மருந்து, பிறகு மீதித் தண்ணீர். கலந்ததை அன்றே தீர்த்துவிட வேண்டும். கையுறை கட்டாயம். கூடவே, சில நாடுகளில் இந்த வேலையை உரிமம் பெற்றவர்கள்தான் செய்யலாம். லேபிளைப் படித்துவிட்டு இறங்குங்கள்.

தரையும் சுவரும் சேரும் ஓரத்தில் 12 மி.மீ. பிட்டால் 30 செ.மீ.க்கு ஒரு துளை போட வேண்டும். கான்கிரீட் முடிந்து மண் வரும்வரை ட்ரில் இறங்கவேண்டும். பலர் டைல்ஸைத் தாண்டியதும் நிறுத்திவிடுவதுதான் முதல் கோளாறு. துளைக்கு ஒரு லிட்டர். 30 மீட்டர் சுவர் என்றால் சுமார் 100 துளை, 100 லிட்டர், 210 மி.லி. மருந்து. இந்தக் கணக்கு கையில் இருந்தால், அதே நீளச் சுவருக்கு ஒரே ஒரு இருபது லிட்டர் கேனோடு வருகிற ஆளை வாசலிலேயே கேள்வி கேட்கலாம். களிமண் ஒரே மூச்சில் லிட்டரைக் குடிக்காது. பாதி ஊற்றி, அடுத்த துளைக்குப் போய்விட்டுத் திரும்பி வரவேண்டும். மாறாக ஒரு துளை மட்டும் மூன்று லிட்டரை விழுங்கியும் நிறையவில்லையா? அடியில் பள்ளமோ உடைந்த குழாயோ இருக்கிறது. நிறுத்திவிட்டு என்னவென்று பாருங்கள். குழாயும் மின்கம்பியும் எங்கே ஓடுகின்றன என்பது ட்ரில்லை எடுப்பதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

கதவு நிலைச்சட்டத்துக்கு வேறு முறை வேண்டும். விரல் முட்டியால் கீழிருந்து மேலாகத் தட்டிக்கொண்டே போனால் ஓரிடத்தில் 'டக் டக்' என்ற சத்தம் மாறி, காலி டப்பாவைத் தட்டியதுபோல 'பொத்' என்று கேட்கும். பெயின்ட் தோல் மட்டும் பளபளவென்று நிற்கும். ஸ்குரூ டிரைவர் முனையை வைத்தாலே உள்ளே போய்விடும், ஈர மண் ஒட்டிக்கொண்டு வெளியே வரும். அந்த இடத்திலும், சட்டம் சுவரைத் தொடும் ஓரத்திலும், 15 செ.மீ.க்கு ஒன்றாக 6 மி.மீ. துளைகளைக் கீழ்நோக்கிச் சாய்த்துப் போட்டு, மரம் இனி வேண்டாம் என்று கக்கும்வரை சிரிஞ்சால் செலுத்த வேண்டும். ஊறியபின் மக்கு (புட்டி) வைத்து அடைக்கலாம்.

மருந்தைக் கெடுப்பது பெரும்பாலும் வீட்டுக்காரரின் அவசரம். சுவரில் ஏறும் மண்தடத்தை முதல் நாளே துடைத்து, கரப்பான் ஸ்ப்ரேயும் அடித்துவிடுவார்கள். அந்த ஸ்ப்ரே பெரும்பாலும் பைரித்ராய்டு. கறையான் அந்தப் பாதையையே கைவிட்டுவிடும், நடந்து பூசிக்கொள்ள வேண்டிய மருந்து சும்மா கிடக்கும். தடத்தில் இரண்டு செ.மீ. மட்டும் உடைத்துவிட்டு விட்டுவையுங்கள். உயிரோட்டமுள்ள தடம் என்றால் சில நாளில் ஈர மண்ணால் அடைபட்டிருக்கும். இரண்டு மூன்று வாரம் கழித்தும் உடைத்த வாய் காய்ந்து திறந்தே கிடந்தால் வேலை நடந்திருக்கிறது.

குறை என்று பார்த்தால் தண்ணீர்தான். இமிடாகுளோபிரிட் ஒரு லிட்டர் நீரில் 0.6 கிராம் அளவுக்குக் கரையும். ஃபிப்ரோனில் என்ற இன்னொரு கறையான் மருந்து சுமார் 2 மில்லிகிராம்தான் கரையும். சிங்க் அடியில் ஒழுகும் குழாய், சுவரோரம் தினமும் நனையும் தோட்டம் இருக்கும் இடத்தில் மருந்து சீக்கிரம் அடித்துச் செல்லப்படும். ஒழுகலை முதலில் சரிசெய்யாமல் இதை வாங்காதீர்கள். கிணற்றுப் பக்கம் கூடவே கூடாது. பூச்செடி வேர் இதை உறிஞ்சி மகரந்தம்வரை கொண்டுபோகும், தேனீக்கு எமன். செடிப் பாத்திகளை ஒட்டிய சுவருக்கு இரைப் பெட்டி முறையே தேவலை. அந்தப் பெட்டியின் இரையில் கலந்திருக்கும் ஹெக்ஸாஃப்ளுமுரான் போன்ற மருந்துகள் கறையான் தோலுரிப்பதைத் தடுத்துக் கூட்டத்தையே ஒடுக்கும். ஆனால் பல மாதம் பொறுத்து, பெட்டிகளைத் தவறாமல் திறந்து பார்க்க வேண்டும்.

மண்தடமே இல்லாமல், மரத்தடியில் ரவைபோல ஆறு பட்டையுள்ள உலர்ந்த மணிகள் கொட்டிக்கிடக்கிறதா? அது உலர்மரக் கறையான். மண்ணைத் தொடாமல் மரத்துக்குள்ளேயே குடியிருப்பது. அதற்குத் தரையில் எத்தனை லிட்டர் இறக்கினாலும் வீண்; அந்த மரத்துக்கு மட்டும் ஊசி, வெப்பம் அல்லது புகையூட்டல் என்று ஆளைத் தேடுங்கள்.