அழகர்மலை அடிவாரத்து உறைவிடப் பள்ளி: ஒரு பெற்றோரின் மதிப்புரை

மதுரையிலிருந்து அழகர்கோவில் செல்லும் சாலையில், விளம்பரப் பலகை கூட இல்லாத ஒரு சிறிய உறைவிடப் பள்ளியில் என் மகள் மூன்று ஆண்டுகளாகப் படித்து வருகிறாள். சேர்த்த புதிதில் அவள் வீட்டு நினைவில் இரவெல்லாம் அழுததையும், தமிழாசிரியை தம் பாயை அவளருகே விரித்து நான்கு இரவுகள் அங்கேயே படுத்திருந்ததையும், காலாண்டு விடுமுறையில் அவள் சொல்லித்தான் நான் அறிந்தேன். அந்த ஆசிரியை இன்றுவரை அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

சென்ற ஆண்டு பிள்ளைகளை மாங்குளம் மலைக்கு அழைத்துச் சென்று, பாண்டிய மன்னன் நெடுஞ்செழியன் பெயர் பொறித்த, தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்துகளைப் பாறையிலேயே காட்டி, எழுத்துக் கூட்டிப் படிக்க வைத்தார்கள். அதன் பயனாக, 2023இல் திறக்கப்பட்ட கீழடி அருங்காட்சியகத்திற்கு நாங்கள் போனபோது, பானை ஓட்டில் கீறியிருந்த எழுத்துகளை அவள் எங்களுக்கு வாசித்துக் காட்டினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அறங்காவலர்கள் பெற்றோர் கூட்டத்தில் வரவு செலவு நோட்டை மேசைமேல் விரித்து வைக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் புரட்டலாம். ஞாயிறுதோறும் அவர்களில் ஒருவர் பிள்ளைகளோடு பந்தியில் அமர்ந்து அதே சோற்றையும் சாம்பாரையும் உண்கிறார். கோடையில் தண்ணீர் போதவில்லை என்று நாங்கள் முறையிட்டபோது சாக்குச் சொல்லாமல், அடுத்த மாதமே இன்னொரு தொட்டி கட்டினார்கள். நூலகம் மட்டும் இன்னும் ஓர் அலமாரி அளவிலேயே இருக்கிறது. அதை விரிவாக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.